ஒரே மேசையில் நாலு விதமான ஆட்டம்: நண்பர் குழு ஆர்பிஜிக்கு ஒரு வழிகாட்டி

மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நகர்த்தி, டைஸ் (பகடைக் கட்டை) உருட்டி ஆடுகிற டேபிள்டாப் ஆர்பிஜி விளையாடத் தொடங்கி, சில தடவை கூடி, இப்போது "ஏதோ சரிவரேல்லை" என்று மனதுக்குள் படுகிற குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். ஒருவர் சண்டை எப்போது வரும் என்று டைஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருப்பார், இன்னொருவருக்குக் கதையில் வருகிற சத்திரக்காரனோடு அரை மணித்தியாலம் கதைத்தும் கதை முடியாது, மூன்றாமவர் விதிப் புத்தகத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு "அப்படிச் செய்யேலாது" என்பார், நாலாமவர் எல்லோரோடும் சேர்ந்திருந்து சிரிக்கத்தான் வந்தவர். நாலு பேரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கூட்டாளிகள், ஒருவரிலும் பிழை சொல்ல முடியாது. ஆனாலும் ஆட்டம் முடிந்து மோட்டார்சைக்கிளை எடுக்கிற நேரம் யாரோ ஒருவருடைய முகம் வாடியிருக்கும்.

இது மிகப் பழைய வில்லங்கம். 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, அது பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. படை நகர்த்த வந்தவர்களும் பாத்திரமாக வாழ வந்தவர்களும் அப்போதிருந்தே ஒரே மேசையில்தான் இருந்தார்கள். 1980 இலேயே கிளென் பிளாகோ என்பவர் ஒரு சஞ்சிகைக் கட்டுரையில் ஆடும் விதங்களை நாலாகப் பிரித்தார்: பாத்திரமாக நடிப்பது, போர் உத்தி, கதை சொல்வது, தன் பாத்திரத்தின் பலத்தைப் பெருக்குவது. 2002 இல் ரொபின் லோஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் அதை ஏழு வகையாக்கினார். இந்தப் பட்டியல்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ஆனால் வாசித்துவிட்டு "நீ இந்த வகை" என்று கூட்டாளியின் நெற்றியில் ஒட்டாதீர்கள். போன மாதம் சண்டைக்காக வந்தவர் இந்த மாதம் வேலையில் களைத்துப்போய் வந்து சும்மா கதைத்துக்கொண்டிருக்க விரும்பலாம்.

முன்னூற்றிநாலு சீட்டு விளையாட உட்கார்ந்தால் நோக்கத்தைப் பற்றி யாரும் விவாதிப்பதில்லை. கேட்ட புள்ளியை ஒரு பக்கம் எடுக்கப் பார்க்கும், மற்றப் பக்கம் எடுக்கவிடாமல் தடுக்கப் பார்க்கும், நாலு பேருக்கும் அது தெரியும். ஆர்பிஜியில் எது வெற்றி என்று எந்தப் புத்தகமும் சொல்லித் தருவதில்லை, ஆகவே ஆளுக்காள் தன் மனதில் ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு வருகிறார், அதை ஒருவருக்கொருவர் சொல்வதும் இல்லை. முரண்பாட்டில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒவ்வொருவருக்கும் எது சந்தோசம் என்று கதைக்கு வெளியே, ஆட்களாக இருந்து கதைத்து அறியுங்கள், பிறகு அதைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். கதைக்கு வெளியே உள்ள மனக்கசப்பைக் கதைக்குள் ஒரு டிராகனை அனுப்பித் தீர்க்க முடியாது. ஒருவருடைய போக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவருடைய பாத்திரத்தின் தலையில் கூரையை இடித்து விழுத்தினால், அவருக்கு விளங்குவது "இவனுக்கு என்னில் கோபம்" என்பது மட்டும்தான்.

வெளிநாட்டு ஆலோசனைகளில் அடிக்கடி வருகிற ஒரு வரி, "ஒத்துவராவிட்டால் வேறு குழு தேடு" என்பது. பெரிய நகரங்களில் அது நடக்கும். இங்கே யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ஒரு குழு, மானிப்பாயில் ஒரு குழு என்று தெரிவு செய்கிற அளவுக்கு ஆட்கள் இல்லை. அதோடு நாளைக்கு அதே ஆளைக் கல்யாண வீட்டில், கோயில் வீதியில், பல்கலைக்கழக வாசலில் சந்திக்கத்தான் போகிறோம். நட்பு விளையாட்டுக்கு முதலே இருந்தது, பிறகும் இருக்க வேண்டும். இதை நான் முக்கியமாக நினைப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேட்டு அறிவது

நேரே கேட்டால் பதில் வராது. "எப்படி இருந்தது?" என்றால் "நல்லா இருந்தது", "என்ன மாதிரி விளையாட விருப்பம்?" என்றால் "எனக்கு எதெண்டாலும் ஓகே". எங்கள் ஆட்கள் கூட்டாளியின் மனம் நோகக்கூடாது என்று எதையும் விழுங்கிக்கொள்வார்கள், அதுவும் ஜிஎம்மாக இருக்கிறவர் ஒரு கிழமை இரவெல்லாம் இருந்து கதை தயாரித்தது தெரிந்தால் வாயே திறக்கமாட்டார்கள். (ஜிஎம் என்பது கதையை நடத்துகிறவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்.) ஆகவே அபிப்பிராயம் கேட்காமல் சம்பவம் கேளுங்கள். "போனமுறை எந்த இடத்தில் நேரம் போனதே தெரியவில்லை?" "எந்த இடத்தில் போனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது?" "அடுத்தமுறை கட்டாயம் நடக்க வேண்டிய ஒன்று என்றால் எது?" இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும், ஏனென்றால் அதில் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் இருக்கிற இடத்தில் கேட்பதைவிடத் தனித்தனியே கேட்பது நல்லது. ஆளை வீட்டில் இறக்கிவிடப் போகிற வழியில், அல்லது மறுநாள் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவாக. கேட்டதை மற்றவருக்குப் போய்ச் சொல்லாதீர்கள், ஒருமுறை அப்படிச் செய்தால் அதோடு எல்லாப் பதிலும் "நல்லா இருந்தது" ஆகிவிடும்.

கேட்பதோடு பார்க்கவும் வேண்டும். ஒருவர் எந்த நேரத்தில் கதிரையை முன்னுக்கு இழுக்கிறார், எந்த நேரத்தில் மிக்சர் தட்டுப் பக்கம் போகிறார், தன் முறை வரும்போது "இப்ப என்ன நடந்தது?" என்று கேட்கிறாரா என்பதெல்லாம் வாயால் சொல்வதைவிட அதிகம் சொல்லும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஆளுக்கு ஒரு வரி எழுதி வைத்தால், சில கிழமைகளில் யாருக்கு என்ன வேண்டும் என்பது எழுதிய வரிகளிலிருந்தே தெரியவரும்.

தொடங்க முன் ஒரு கூட்டம்

புதிய கதை ஒன்று தொடங்க முன் டைஸ் எடுக்காமல் கதைக்க மட்டும் கூடுவதை செஷன் சீரோ என்பார்கள். ஏற்கெனவே நடுவில் நிற்கிற குழுவும் இதைச் செய்யலாம், "இனி எப்படிப் போவோம்" என்று ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்தால் போதும். அங்கே தீர்க்க வேண்டியவை: கதை எவ்வளவு சீரியஸ், பாத்திரம் சாகலாமா, ஒரு பாத்திரம் மற்றப் பாத்திரத்தைத் தாக்கலாமா திருடலாமா, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பது, வராதவருடைய பாத்திரத்துக்கு என்ன நடக்கும். இதில் கடைசி இரண்டும் சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் இருட்ட முன் வீட்டுக்குப் போக வேண்டிய ஒருவர் குழுவில் இருந்தால், அவர் ஆசையாகக் காத்திருக்கிற காட்சிகள் எல்லாம் அவர் போன பிறகுதான் நடக்கும் என்றால், அவருடைய விருப்பத்துக்கு அந்த மேசையில் இடமே இல்லை என்றாகிறது. குழுவில் உள்ள பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அவர்களுக்கு முக்கியமான காட்சியை முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் வையுங்கள்.

இன்னொன்றையும் இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும், இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கதைப் புத்தகங்களில் "உங்கள் கிராமம் எரிக்கப்பட்டுவிட்டது, நீங்கள் தப்பி ஓடி வந்தவர்கள்" என்பது மிகச் சாதாரணமான தொடக்கம். அதை எழுதினவருக்கு அது கற்பனை. எங்கள் மேசையில் இருக்கிறவர்களில் ஒருவருடைய அம்மா 1995 இடப்பெயர்வில் கைக்குழந்தையோடு நாவற்குழிப் பாலம் கடந்து நடந்தவராக இருக்கலாம், இன்னொருவருடைய மாமா இன்னும் வீடு திரும்பாதவராக இருக்கலாம், வன்னியில் 2009 வரை இருந்தவரே எங்களோடு டைஸ் உருட்டிக்கொண்டிருக்கலாம். மூட்டை முடிச்சோடு போகிற சனம், சோதனைச்சாவடி, காணாமல் போன மகன், பங்கருக்குள் இருட்டு: இவை ஒருவருக்குக் கதை, மற்றவருக்கு வீடு. அதேநேரம் இப்படியான கதையைத்தான் சொல்ல வேண்டும், எங்கள் கதையை நாங்களே எங்கள் மேசையில் சொல்லாமல் யார் சொல்வது என்று நினைக்கிறவரும் அதே குழுவில் இருப்பார். இரண்டு பேரும் சரி. ஆனால் ஒரே காட்சியில் இரண்டு பேரையும் இருத்தி வைக்க முடியாது, யாருக்கு நோகுமோ அவருடைய சொல்தான் அந்த மேசையில் நிற்க வேண்டும். மற்றவர் அந்தக் கதையை வேறொரு நாள், அதை விரும்புகிறவர்களோடு மட்டும் விளையாடலாம்.

இதற்குப் பழக்கத்தில் உள்ள முறை இரண்டு. ஒன்று, கோடும் திரையும்: கதையில் வரவே கூடாதவை கோட்டுக்கு அப்பால், நடந்ததாகத் தெரியலாம் ஆனால் விவரிக்க வேண்டாம் என்பவை திரைக்குப் பின்னால். ஆளுக்கொரு துண்டுத் தாளில் பெயர் போடாமல் எழுதி ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள், ஜிஎம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக வாசித்தால் யார் எழுதினார் என்பது தெரிய வேண்டியதில்லை. மற்றது ஜோன் ஸ்டாவ்ரோபோலஸ் 2013 இல் உருவாக்கிய எக்ஸ் அட்டை: மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை இருக்கும், யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டு நகர வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. வாயால் "எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லக் கூச்சப்படுகிற எங்கள் சனத்துக்கு இது மிகவும் பொருந்தும். கோயில், சாமி, பேய் பிடித்தல் போன்றவற்றிலும் ஆளுக்காள் எல்லை வேறு, அதையும் அதே பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

"விதி தெரிந்தவர்" எப்படி உருவாகிறார்

ஒரு குழுவில் ஒருவர் எப்போதும் விதி சொல்லிக்கொண்டும் மற்றவர்கள் கேட்டுக்கொண்டும் இருந்தால், அது அவருடைய குணம் என்று உடனே முடிவு செய்யாதீர்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில், அதுவும் நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஆங்கிலம் இலகுவாக வாசிக்கிற ஒருவர் அதைக் கரைத்துக் குடித்துவிடுவார். மற்றவர்கள் அவரிடம் கேட்டுத்தான் தங்கள் பாத்திரம் என்ன செய்யலாம் என்று அறிவார்கள். அவர் உதவியாகத்தான் தொடங்கினார், ஆனால் கொஞ்ச நாளில் மேசையில் எதற்கும் அவருடைய அனுமதி தேவைப்படுகிறது. மற்றவர்கள் "நான் கதைதான் விரும்புவன், விதி எனக்குச் சரிவராது" என்று ஒதுங்குகிறார்கள். அதில் பாதி உண்மையான விருப்பம், பாதி புத்தகம் விளங்காததால் வந்த விருப்பம்.

இதற்கு மருந்து ஒரு தாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள்: உன் முறையில் நீ என்னென்ன செய்யலாம், எந்த டைஸை உருட்டி எதைக் கூட்ட வேண்டும், உன்னுடைய சிறப்பான மூன்று காரியங்கள் எவை. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் விடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். அந்த ஒரு பக்கத்தை எழுதும் வேலையை விதி தெரிந்தவரிடமே கொடுங்கள். அவருக்குப் பிடித்த வேலை அது, அதோடு அவர் ஒரு மாதத்தில் பத்துத் தடவை வாயால் சொல்வதை ஒரே தடவையில் எழுதிவிடுகிறார். தாள் கையில் வந்த பிறகு இதுவரை வாயே திறக்காத ஒருவர் "அப்ப நான் இதைச் செய்யலாம்தானே" என்று தொடங்குவதைப் பாருங்கள், மனதுக்கு அவ்வளவு சந்தோசமாக இருக்கும்.

ஆட்ட நடுவில் விதிச் சண்டை வந்தால்: ஒரு நிமிடம் தேடுவது, கிடைக்காவிட்டால் ஜிஎம் சொல்வதோடு போவது, முடிந்த பிறகு வடிவாகப் பார்த்து அடுத்தமுறைக்குத் திருத்துவது. பாத்திரம் சாகிற இடமென்றால் மட்டும் நின்று தேடலாம். இதை முதலே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், நடுவில் அறிவித்தால் அதுவே இன்னொரு சண்டை.

அண்ணா என்று கூப்பிடுகிற ஒருவர் குழுவில் இருந்தாலும் இதே மாதிரித்தான். அவர் "இடது பக்கம் போவோம்" என்றால் எல்லோரும் இடது பக்கம். அவருக்கு அதிகாரம் செய்கிற எண்ணமே இருக்காது, மற்றவர்கள் பேசாததால் அவர் பேசுகிறார். முடிவெடுக்கும்போது வயதில் இளையவர் முதலில் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாவிடம் இதைத் தனியே சொன்னால் அவரே முன்னின்று "முதல்ல தம்பி சொல்லட்டும்" என்பார்.

ஒரு இரவுக்குள் எல்லோருக்கும் இடம்

பலர் செய்வது, அரை மணித்தியாலம் சண்டை, அரை மணித்தியாலம் பேச்சு, அரை மணித்தியாலம் புதிர் என்று பங்கு போடுவது. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் அதில் ஒவ்வொருவரும் இரவின் மூன்றில் இரண்டு பங்கைக் காத்திருப்பதில் கழிப்பார்கள். ஐந்தாம் பதிப்பில் சண்டையின் ஒரு சுற்று, அதாவது எல்லோருக்கும் ஒரு தடவை முறை வந்து போவது, கதைக்குள் 6 வினாடி. ஐந்து சுற்றுச் சண்டை கதையில் அரை நிமிடம், மேசையில் அது எளிதாக ஒரு மணித்தியாலத்தை விழுங்கும். பேச்சுக்காக வந்தவர் அந்த அரை நிமிடம் முடியும்வரை இருந்துகொண்டே இருக்கிறார்.

ஆகவே பங்கு போடாமல், ஒரே பிரச்சினைக்குப் பல வாசல் வையுங்கள். எங்கள் கடலையே எடுப்போம். காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் நடுவில் தண்ணீருக்குள் நிற்கிற கடற்கோட்டையைத் தெரியும்தானே, போர்த்துக்கேயர் கட்டி, பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போய், சிறைச்சாலையாகவும் இருந்த இடம். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கொஞ்சக் காலத்துக்குப் பிறகு என்று கதையை வைப்போம். கோட்டைக்குள் அடைத்து வைத்த ஒரு வைத்தியரை விடியுமுன் வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை.

திட்டம் போடுகிறவருக்குக் காற்று இருக்கிறது: சோளகம் அடிக்கிற காலத்தில் எந்தப் பக்கமிருந்து வள்ளத்தைக் கொண்டுபோவது, காவல் எப்போது மாறும். பேச்சுக்காரருக்குக் கோட்டைக்குச் சாமான் கொண்டுபோகிற வள்ளக்காரன் இருக்கிறான், அவனுக்குக் காவலாளியில் ஒரு கடுப்பு, ஆனால் பயமும் உண்டு. துருவிப் பார்க்கிறவருக்கு மழைத்தண்ணி சேர்க்கிற தொட்டி, அதற்குள் இறங்கினால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. சண்டைக்காரருக்கு ஒடுக்கமான படிக்கட்டும் ஈட்டி வைத்திருக்கிற இரண்டு காவலாளிகளும். சிரிக்க வந்தவருக்கு, வள்ளத்தில் ஏற்றப்பட்டிருக்கிற, எப்போது கத்தும் என்று தெரியாத ஒரு ஆடு. இதில் முக்கியம், ஒரு வாசலில் நடப்பது மற்ற வாசலைப் பாதிக்க வேண்டும். வள்ளக்காரன் மனம் மாறினால் படிக்கட்டில் ஒரு காவலாளி குறைவான். ஆடு கத்தினால் திட்டம் மாறும். சண்டையில் பிடிபட்டவன் வாய் திறந்தால் தொட்டி எங்கே போகிறது என்று தெரியும். அப்போதுதான் சண்டை நடக்கும்போது பேச்சுக்காரரும் முன்னுக்கு இருந்து பார்ப்பார், ஏனென்றால் அவர் பேசியதன் பலன் அங்கே தெரிகிறது.

சண்டைக்குள்ளும் பேச்சுக்கு இடம் உண்டு. எதிரிக்கு ஒரு பெயரும் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் கொடுத்துவிட்டால் போதும், கடைசி ஆள்வரை வெட்டிச் சாகிற எதிரிகளால்தான் சண்டை நீள்கிறது. பேச்சுக்குள்ளும் சண்டைக்காரருக்கு இடம் உண்டு: பேச்சு நடக்கும்போது ஒரு ஆறு கட்ட வட்டம் கீறி, ஒவ்வொரு தவறான சொல்லுக்கும் ஒரு கட்டத்தை நிரப்புங்கள், நிரம்பினால் காவலர் வருவார்கள். சண்டைக்காரர் வாசலில் நின்று காவல் பார்க்கிறார், அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

திட்டம் போடுவதிலேயே ஒரு மணித்தியாலம் போகிறது என்றால், பிளேட்ஸ் இன் த டார்க் என்ற 2017 ஆம் ஆண்டு விளையாட்டின் வழியைக் கடன் வாங்குங்கள். திட்டத்தை விவாதிக்காமல் நேரே கோட்டை மதிலடியில் கதையைத் தொடங்குவது, தடங்கல் வரும்போது "இதை நான் நேற்றே யோசித்து இந்த ஏற்பாடு செய்து வைத்தேன்" என்று பின்னோக்கிச் சொல்ல விடுவது, அதற்கு ஒரு சின்ன விலை வாங்குவது. திட்டக்காரருக்குத் தன் மூளைக்கு மரியாதை கிடைக்கிறது, மற்றவர்களுக்குக் கதை நகர்கிறது.

பலன் எதற்குக் கிடைக்கிறது என்பதையும் கவனியுங்கள். கொன்ற எண்ணிக்கைக்கு மட்டும், பாத்திரத்தின் பலத்தைக் கூட்டுகிற அனுபவப் புள்ளி கொடுத்தால், கொல்லாமல் பேசித் தீர்த்தவர் தண்டிக்கப்படுகிறார். கதையில் ஒரு கட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக ஒரு படி ஏறுவது நண்பர் குழுவுக்கு நல்லது, வராமல் போனவரும் பின்தங்கமாட்டார்.

சில தனிச் சிக்கல்கள்

"என் பாத்திரம் அப்படித்தான்" என்று சொல்லிக் கூட வந்தவர்களிடமே திருடுகிறவர். இவருக்குப் பாத்திரம் ஒரு கவசமாகிவிடுகிறது, அவரைக் கேட்டால் பாத்திரத்தைக் காட்டுவார். வாதாட வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இப்படிப்பட்ட ஆள் ஏன் இந்த நாலு பேரோடும் இன்னும் சுற்றுகிறான்?" அதற்கு அவரே ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் அந்தக் காரணமே பாத்திரத்தை மாற்றும். அதோடு பாத்திரத்துக்குப் பாத்திரம் கைவைப்பதென்றால், நடக்கிறதா இல்லையா என்பதைக் கைவைக்கப்படுகிறவர்தான் தீர்மானிப்பார் என்று விதி வையுங்கள். திருட்டு நல்ல கதையாக இருந்தால் அவரே "சரி, எடுத்திட்டாய்" என்பார்.

பேசாமல் இருக்கிறவர். இவரை இழுத்து நடுவில் விடுவதுதான் உதவி என்று பலர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. சிலர் பார்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு, இரவு முழுக்க நாலு வசனம் பேசி, மிகவும் சந்தோசமாக வீட்டுக்குப் போவார்கள். தனியே கேட்டுப் பாருங்கள். இடம் கிடைக்காததால்தான் பேசவில்லை என்றால், "நீ என்ன செய்கிறாய்?" என்று அகலமாகக் கேட்காமல், "கதவுப் பக்கம் நிற்கிறாயா, வள்ளத்துக்குத் திரும்புகிறாயா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். வரைபடம் கீறுகிற வேலை, சாமான் கணக்கு வைக்கிற வேலை ஆகியவற்றையும் கேட்டுப்பார்த்துக் கொடுக்கலாம்.

எதற்கும் பகிடி விடுகிறவர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இறுக்கமான காட்சிக்கு முன் ஜிஎம் "இந்தக் காட்சி கொஞ்சம் பாரம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடங்கினால் பெரும்பாலானோர் அடங்கிவிடுவார்கள்.

நல்லூர்த் திருவிழா நாட்களில் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து "நானும் விளையாடுறன்" என்று குந்துகிற மச்சான் இருக்கிறாரே, அவரை நடந்துகொண்டிருக்கிற நீண்ட கதைக்குள் போடாதீர்கள். அவருக்கு அங்கே பழகிய வேகம் வேறு, விதிப் பழக்கமும் வேறு. ஒரே இரவில் முடிகிற கதை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள், முதலே எழுதிய பாத்திரங்களோடு. வழமையான ஆட்களும் தங்கள் பாத்திரத்தை விட்டு வேறொன்றை ஆடிப் பார்ப்பார்கள், சண்டைக்காரர் ஒருநாள் வைத்தியராக இருந்து பார்ப்பது அவருக்கே புதிதாக இருக்கும்.

ஜிஎம்முக்கும் ஒரு விருப்பம் உண்டு

எல்லோருடைய விருப்பத்தையும் கேட்டு எழுதி வைத்திருக்கிற ஜிஎம் தன்னுடையதை எழுதுவதே இல்லை. அவருக்குப் பெரிய அரசியல் கதை பிடிக்கும், குழுவுக்கு நிலவறையில் புதையல் தேடத்தான் பிடிக்கும் என்றால் அவர் சில மாதத்தில் களைத்துப்போவார், "வேலை கூடிப்போச்சு" என்பார், குழு நின்றுவிடும். செஷன் சீரோவில் ஜிஎம்மும் முன்னே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் தன் பதில்களைச் சொல்ல வேண்டும். ஒரு கதை முடிந்ததும் வேறொருவர் நடத்தட்டும். நடத்திப் பார்த்தவர் பிறகு விளையாட்டுக்காரராகத் திரும்பி வரும்போது, மற்றவருக்கு இடம் விடுகிற பழக்கம் தானாக வரும், இதை நான் மிகவும் நம்புகிறேன். விதி தெரிந்தவருக்கு முதல் வாய்ப்புக் கொடுங்கள்.

விளையாட்டையே மாற்றுவதும் ஒரு வழி. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விதிகளில் பெரும்பங்கு சண்டையைப் பற்றியது. உங்கள் குழுவில் நாலில் மூன்று பேருக்குப் பேச்சும் உறவும்தான் வேண்டுமென்றால், அந்த விதிகளோடு மல்லுக்கட்டுவதைவிட இலகுவான ஒன்றை எடுப்பது நல்லது. ஃபேட் விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, சாதாரண ஆறுபக்கக் கட்டை நாலு இருந்தால் ஆடலாம். 2009 இல் வந்த ஃபியாஸ்கோவில் ஜிஎம்மே கிடையாது, ஒரு இரவில் முடியும்.

பிரிந்து ஆடுவது

எல்லாம் செய்தும் இரண்டு பேருக்கு ஒரே மேசையில் ஒத்துவராமல் இருக்கலாம். அப்போது மேசையைப் பிரியுங்கள், ஆட்களைப் பிரிக்க வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு வரைபடமும் உருவங்களும் வைத்துச் சண்டை ஆட்டம், இன்னொரு ஞாயிறு பேச்சும் கதையும். வருகிறவர் வரட்டும். ஒவ்வொரு இரவும் ஊருக்குத் திரும்பி வந்து முடிகிற மாதிரிக் கதையை அமைத்தால், யார் வந்தார் யார் வரவில்லை என்பது கதையைக் குழப்பாது.

ஒருவரிடம் "இந்தக் கதை உனக்குச் சரிவராது" என்று சொல்ல வேண்டி வந்தால், வட்ஸ்அப் குழுவில் சொல்லாதீர்கள், மூன்று பேராகப் போய் நிற்காதீர்கள். அவரோடு கூடப் பழகிய ஒருவர் நேரில் போய்ச் சொல்லட்டும். அவர் என்ன பிழை செய்தார் என்ற பட்டியலோடு போகாமல், "நீ சண்டை கேட்கிறாய், நாங்கள் போகிற கதையில் இனிச் சண்டை குறைவு, இருந்தால் உனக்கு அலுக்கும்" என்ற உண்மையோடு போகட்டும். அவருடைய பாத்திரத்தைக் கதைக்குள் கொன்றுவிடாதீர்கள். நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறிப் போனதாக வையுங்கள், திரும்பி வர விரும்பினால் ஒரு பின்னேரம் வந்து இறங்கலாம். அடுத்த சண்டை ஆட்டத்துக்குத் திகதி குறித்துக்கொண்டே அவரிடம் போங்கள், "வாற மாசம் முதல் ஞாயிறு, கொக்குவில், மூன்று மணி, உன்ர டைஸையும் கொண்டு வா" என்று கையோடு சொல்லிவிட்டு வரலாம்.